டென்னிஸ் கோர்ட்டில் நிதானமும் சொந்த யோசனையும்: பெற்றோரும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் 18 ஆண்டுகளாக ஜூனியர் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஃபோர்ஹேண்டைப் பற்றிக் கேட்கும் பெற்றோரைவிட, "மேட்ச்சில் மட்டும் ஏன் சார் இவன் இப்படி ஆகிவிடுகிறான்?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். பிள்ளைகளும் கேட்கிறார்கள், கொஞ்சம் தயங்கித் தயங்கி. அந்தக் கேள்விகளையும் நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

என் பையனுக்குச் சட்டென்று பதறுகிற சுபாவம். அமைதியான பிள்ளைகளுக்குத்தான் டென்னிஸ் சரிப்படுமா?

அப்படியில்லை. ரோஜர் ஃபெடரரை நம்மில் பலர் பார்த்தது முகத்தில் சலனமே இல்லாத ஒரு மனிதராக. பதின்ம வயதில் அவர் ராக்கெட்டை எறிந்தவர், கோர்ட்டில் கத்தியவர், தோற்றால் அழுதவர். அவரே இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். பிற்பாடு நாம் பார்த்த அமைதி அவர் பாடுபட்டுச் சேர்த்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சத்தம் போடாத பிள்ளை நிதானமாக இருக்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். வாயைத் திறக்காமல், முகம் வாடாமல், உள்ளுக்குள் உறைந்துபோய் ஆடும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கத்துகிற பையனிடம் என்ன நடக்கிறது என்று நமக்கு உடனே தெரிகிறது. உறைந்துபோகும் பிள்ளையிடம் தெரிவதற்குள் இரண்டு செட் முடிந்துவிடும்.

நிதானத்தை மட்டும் தனியே பிடித்து இழுத்து வர முடியாது என்பது என் அனுபவம். அடுத்த பந்துக்கு என்ன செய்வது என்று தானே முடிவெடுக்கப் பழகிய பிள்ளைக்கு அது பின்னாலேயே வந்து சேருகிறது. முடிவெடுக்கத் தெரியாத பிள்ளையிடம் "பதறாதே" என்று நூறு முறை சொன்னாலும் பயனில்லை. எதைப் பிடித்துக்கொண்டு பதறாமல் இருப்பது என்று அவனுக்குத் தெரியாது.

மற்ற விளையாட்டிலும் டென்ஷன் இருக்கிறதே, டென்னிஸில் மட்டும் ஏன் இதை இவ்வளவு பேசுகிறார்கள்?

கிரிக்கெட்டில் பேட்ஸ்மேன் தடுமாறினால் எதிர்முனையில் இருப்பவன் நடந்து வந்து தோளைத் தட்டுகிறான். ஒற்றையர் டென்னிஸில் அந்தத் தோழன் இல்லை. இரண்டு மணி நேரம் கூப்பிடு தூரத்தில் எல்லாரும் இருக்கிறார்கள், யாரையும் கூப்பிட முடியாது.

அடுத்தது ஸ்கோர் முறை. கால்பந்தில் முன்னிலையில் இருக்கும் அணி கடிகாரத்தை ஓட்டிவிடலாம். டென்னிஸில் கடிகாரம் கிடையாது. பாயின்ட்டுகள் சேர்ந்து ஒரு கேம், கேம்கள் சேர்ந்து ஒரு செட், அவ்வளவுதான். முதல் செட்டை 6-2 என்று வென்று, அடுத்ததில் 5-0 என்று முன்னால் இருந்தாலும் கடைசிப் பாயின்ட்டை நீங்களேதான் ஜெயித்தாக வேண்டும்.

தோற்கிற பாயின்ட்டுகளின் எண்ணிக்கையும் ஒரு காரணம். 2024-ல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் ஃபெடரர் பேசியபோது ஒரு கணக்குச் சொன்னார். அவர் ஆடிய 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறக்குறைய 80 சதவீதத்தை வென்றிருக்கிறார். ஆனால் பாயின்ட்டுகளில் வென்றது 54 சதவீதம்தான். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரரே ஏறக்குறைய இரண்டில் ஒன்றைத் தோற்றுக்கொண்டுதான் இருந்தார். நம் பிள்ளைகளோ ஒவ்வொரு பாயின்ட் போகும்போதும் ஏதோ தப்பு நடந்துவிட்டதாகத் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். இந்த 54-ஐ நான் எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்கிறேன். கேட்டதும் பலருக்கு முகம் தெளிந்துவிடுகிறது.

பயிற்சியில் அற்புதமாக அடிக்கிறாள். மேட்ச்சில் அதே ஷாட் ஏன் வருவதில்லை?

இதில் பாதி உடம்பு சம்பந்தப்பட்டது. பயம் வந்தால் மூச்சு மேலோட்டமாகிறது, ராக்கெட் பிடி இறுகுகிறது, கால்கள் சின்னச் சின்ன அடி எடுத்து வைப்பதை நிறுத்திவிடுகின்றன. பிடி இறுகினால் மணிக்கட்டு ஓடாது, பந்து நெட்டில் விழும். சர்வீஸுக்குப் பந்தைத் தூக்கிப் போடும் கை நடுங்கினால் டபுள் ஃபால்ட் (சர்வீஸின் இரண்டு முயற்சியும் தவறிப் பாயின்ட் போவது). பிள்ளை "ஷாட் மறந்துபோச்சு" என்கிறாள். மறக்கவில்லை, இறுகிப்போயிருக்கிறாள்.

மறு பாதிக்குப் பொறுப்பு பயிற்சியாளர்களாகிய நாங்கள். நாங்கள் கொடுக்கும் பயிற்சியை ஒரு மாலை வந்து பாருங்கள். கூடையிலிருந்து பந்தை எடுத்து ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் போட்டுக்கொண்டே இருப்போம். "கிராஸ் அடி", "லைனில் அடி", "முன்னால் வா" என்று நாங்களே சொல்லுவோம். பிள்ளை நூறு பந்து அடிக்கிறாள், ஒரு முடிவுகூட எடுப்பதில்லை. மேட்ச்சிலோ ஒவ்வொரு பந்துக்கும் எங்கே, எவ்வளவு வேகம், எவ்வளவு உயரம், அடித்துவிட்டு எங்கே நிற்பது என்ற நான்கு கேள்விக்கும் அரை நொடியில் அவளே விடை காண வேண்டும். அதைப் பயிற்சியே செய்யாத பிள்ளை மேட்ச்சில் திணறினால் மனம் பலவீனம் என்று சொல்வது நியாயமில்லை. கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த வார்த்தையும் எத்தனை நாளைக்கு?

ஒரு பாயின்ட்டுக்கும் அடுத்த பாயின்ட்டுக்கும் இடையில் என்ன செய்ய வேண்டும்?

விதிப்படி 25 வினாடி இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் தப்பு செய்ததும் எட்டு வினாடியில் அடுத்த சர்வீஸைப் போட்டுவிடுவார்கள், அவமானத்திலிருந்து ஓடுவது போல.

ஜிம் லோர் என்ற அமெரிக்க விளையாட்டு உளவியலாளர் இந்த இடைவெளியைத்தான் உன்னிப்பாகப் பார்த்தார். பாயின்ட்டுக்குள் எல்லாரும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கிறார்கள், பாயின்ட்டுகளுக்கு நடுவே நடந்துகொள்ளும் விதத்தில்தான் நல்ல போட்டியாளர்கள் வேறுபடுகிறார்கள் என்பது அவர் கண்டது. அதை அவர் நான்கு கட்டமாகப் பிரித்தார்: முடிந்த பாயின்ட்டுக்கு உடம்பால் காட்டும் எதிர்வினை, தளர்தல், அடுத்ததற்குத் திட்டம், பிறகு வழக்கமான சடங்கு.

நான் பிள்ளைகளுக்கு இதைச் சுருக்கிச் சொல்வது: முதலில் திரும்பி பின்பக்க வேலியை நோக்கி நட, ராக்கெட்டை இடது கைக்கு மாற்று (இடதுகைக்காரர் வலதுக்கு). கை மாறும்போதே இறுகிய பிடி தானாக விடும். ராக்கெட் நரம்பைப் பார்த்துக்கொண்டே ஒரு நீண்ட மூச்சு விடு. திரும்பும்போது அடுத்த பாயின்ட்டுக்கு ஒரே ஒரு முடிவு எடு. "அவன் பேக்ஹேண்டுக்கு சர்வ்" என்ற அளவுக்குப் போதும். பிறகு பந்தை எப்போதும் தட்டும் அதே எண்ணிக்கை தட்டு, போடு.

அந்த ஒரு முடிவு முக்கியம். முடிவில்லாமல் வெறுமனே மூச்சு மட்டும் விட்டால், காலியான தலைக்குள் பழைய பாயின்ட்டே மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பக்கம் மாறும்போது கிடைக்கும் 90 வினாடியில்?

முதலில் தண்ணீர் குடி, வியர்வை துடை. அதன் பிறகு என்ன என்பதற்கு எனக்குத் தெரிந்து 1975 விம்பிள்டன் இறுதியைவிடச் சிறந்த பாடம் இல்லை. இந்த ஒரு கதையை மட்டும் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள்.

ஒரு பக்கம் ஜிம்மி கானர்ஸ். நடப்புச் சாம்பியன், உலகின் முதல் நிலை ஆட்டக்காரர், வயது 22. வேகமாக வரும் பந்தை அதைவிட வேகமாகத் திருப்புவதில் அவருக்கு நிகர் இல்லை. மறுபக்கம் ஆர்தர் ஆஷ். 32-ஐ எட்டப் போகிறார். அவர் பிழைப்பே வேகமான சர்வீஸும் வேகமான ஷாட்டும்தான். ஆஷ் தன் வழக்கப்படி ஆடினால் கானர்ஸுக்கு விருந்து வைப்பது போல ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆஷுக்கும் தெரியும்.

முந்தைய இரவு நண்பர்களோடு உட்கார்ந்து பேசித் தன் ஆட்டத்தையே மாற்றி வைத்துக்கொண்டு வந்தார். வேகத்தைக் கொடுக்கவே கூடாது. பந்தைத் தாழ்வாக, மெதுவாக, ஸ்லைஸ் செய்து (அடியைச் சீவி) போட வேண்டும். சர்வீஸை அகலமாக வளைத்து கானர்ஸைக் கோர்ட்டுக்கு வெளியே இழுக்க வேண்டும். அவர் முன்னால் வந்தால் தலைக்கு மேல் லாப். அந்தத் திட்டத்தைக் குறிப்பாக எழுதியும் வைத்திருந்தார். ஒவ்வொரு முறை பக்கம் மாறும்போதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அரங்கத்தில் இருந்தவர்களுக்கு அது விநோதமாக இருந்தது.

முதல் இரண்டு செட் ஆஷுக்கு, 6-1, 6-1. மூன்றாவது செட் 5-7 என்று போனது. நான்காவதில் கானர்ஸ் 3-0. இந்த இடத்தில்தான் எந்த மனிதனுக்கும் கை பழைய ஆட்டத்துக்குத் திரும்பத் துடிக்கும். ஆஷ் திரும்பவில்லை. அந்த மெதுவான பந்துகளையே தொடர்ந்து போட்டு 6-4 என்று முடித்தார். விம்பிள்டன் ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை வென்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார்.

கண்ணை மூடியதை மட்டும் எடுத்துக்கொண்டால் பாடம் பாதிதான். கண்ணை மூடியவர் உள்ளே போய்ப் பார்க்கத் தன்னுடையதென்று ஒரு திட்டம் இருந்தது. அதனால் எங்கள் பிள்ளைகளின் பையில் ஒரு சின்ன அட்டை இருக்கும். மேட்ச்சுக்கு முன் அவர்களே மூன்று வரி எழுதுகிறார்கள். நான் எழுதித் தருவதில்லை, திருத்துவதும் இல்லை.

கேலரியில் இருந்து பயிற்சியாளர் யோசனை சொல்லலாமா? விதி மாறிவிட்டது என்கிறார்களே?

மாறிவிட்டது. நீண்ட காலம் பெரும்பாலான தனிநபர் போட்டிகளில் அது தடை. நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பை போன்ற அணிப் போட்டிகளில் அணித் தலைவர் கோர்ட்டிலேயே உட்கார்ந்து பக்கம் மாறும்போது பேசலாம். 2018 அமெரிக்க ஓப்பன் இறுதியில் செரீனா வில்லியம்ஸுக்குக் கிடைத்த முதல் எச்சரிக்கையே அவருடைய பயிற்சியாளர் சைகை காட்டியதற்காகத்தான். அது பிறகு ராக்கெட் உடைப்புக்கு ஒரு பாயின்ட் இழப்பு, நடுவரைத் திட்டியதற்கு ஒரு கேம் இழப்பு என்று வளர்ந்தது. எதிரே 20 வயது நவோமி ஒசாகா, அரங்கமே கூச்சலிட்டபோதும், தன் சர்வீஸைத் தொடர்ந்து போட்டு 6-2, 6-4 என்று வென்றார்.

2022-ல் ஆண்கள் தொழில்முறைச் சுற்றில் சோதனையாகத் தொடங்கியது, 2025 ஜனவரி 1 முதல் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதிகளிலேயே இடம்பெற்றது. கோர்ட்டுக்கு வெளியே இருந்து சுருக்கமாக யோசனை சொல்லலாம். ஆனால் தன் போட்டியில் அதை அனுமதிப்பதா என்பதை நடத்தும் அமைப்பே முடிவு செய்யும். ஆகவே ஒவ்வொரு போட்டிக்கும் ரெஃபரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அனுமதி இருந்தாலும் 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு நான் வாய் திறப்பதில்லை. தொழில்முறை ஆட்டக்காரர் தன் யோசனையோடு பயிற்சியாளரின் யோசனையை ஒப்பிட்டுப் பார்க்கிறார். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒப்பிட்டுப் பார்க்கச் சொந்த யோசனை இனிமேல்தான் முளைக்க வேண்டும். முளைக்கிற இடத்தில் நான் போய் நிற்கக் கூடாது.

அப்படியானால் பயிற்சியாளரே தேவையில்லையா?

தேவைதான். ஃபெடரர் 2003 இறுதியில் தன் பயிற்சியாளரைப் பிரிந்து, 2004 முழுவதும் பயிற்சியாளர் இல்லாமலே ஆடி, கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளில் மூன்றின் பட்டங்களை வென்றார். அந்த ஆண்டு அவர் வென்றது 74, தோற்றது 6. அப்படிப்பட்டவரே அடுத்த ஆண்டு டோனி ரோச் என்ற பயிற்சியாளரைத் தேடிப் போனார். தனியாக யோசிக்கத் தெரிந்தவருக்குத்தான் பயிற்சியாளரிடம் என்ன கேட்பது என்றும் தெரிகிறது.

நம் ராமநாதன் கிருஷ்ணனுக்கு அவர் தந்தை டி.கே.ராமநாதன்தான் குரு. மகன் 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்று, 1960, 1961 இரண்டு ஆண்டும் அரையிறுதி வரை போனார். அத்தனை நெருக்கமான குரு இருந்தும் கோர்ட்டுக்குள் அவர் தனி மனிதர்தான்.

சொல்லித்தராமல் சுயமாக யோசிக்க எப்படிப் பழக்குவது?

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் 13 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். நல்ல கை. ஆனால் ஒவ்வொரு பாயின்ட் முடிந்ததும் வேலிப்பக்கம் திரும்பி என் முகத்தைப் பார்ப்பான். நான் தலையாட்டினால் சிரிப்பான், நெற்றியைச் சுருக்கினால் அடுத்த இரண்டு பந்தை வெளியே அடிப்பான். அது எங்களுக்குள் இருக்கும் நெருக்கம் என்று நான் உள்ளூர மகிழ்ந்துகொண்டிருந்தேன். வெளியூரில் ஒரு போட்டி, என்னால் போக முடியவில்லை. தன்னைவிட மிகவும் பலவீனமான பையனிடம் 1-6, 0-6 என்று தோற்றுவிட்டு வந்தான். "என்னடா ஆச்சு?" என்று கேட்டேன். "யாரைப் பார்க்கிறதுன்னே தெரியலை சார்" என்றான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் ஆட்டத்தை நான் வளர்த்திருந்தேன், ஆட்டக்காரனை வளர்க்கவில்லை.

அதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டவை சில.

வாரத்தில் ஒரு நாள் பேசாத நாள். செட் ஆடுவார்கள், நான் பார்ப்பேன், ஒரு சொல் சொல்ல மாட்டேன். முடிந்ததும் அவர்கள் எனக்குச் சொல்ல வேண்டும்: எதிராளிக்குப் பிடிக்காத பந்து எது, எப்போது கண்டுபிடித்தாய், அதற்கு என்ன செய்தாய். ஆரம்பத்தில் "தெரியலை சார்" என்றுதான் வரும். அதைத் தாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பயிற்சியாளருக்கு இதுதான் கஷ்டம். விடை நம் நாக்கு நுனியில் நின்றுகொண்டிருக்கும்.

"முழங்காலை மடக்கு" என்று சொல்லும் இடத்தில் "அந்தப் பந்து ஏன் நெட்டில் விழுந்தது?" என்று கேட்கிறேன். அவன் தப்பான காரணம் சொன்னாலும் அதையே சோதித்துப் பார்க்கச் சொல்கிறேன். பத்துப் பந்தில் அவனே விட்டுவிடுவான்.

செட்டை 0-0-விலிருந்து தொடங்குவதில்லை. ஒருவன் 2-5 என்று பின்னால், மற்றவன் 5-2 என்று முன்னால். இரண்டுமே பழக வேண்டிய இடங்கள். 2-5-இல் இருப்பவனுக்கு நான் சொல்லும் கதை 1966 டிசம்பர், கல்கத்தா சவுத் கிளப். டேவிஸ் கோப்பையில் இந்தியாவும் பிரேசிலும் 2-2. கடைசி ஆட்டத்தில் கிருஷ்ணன் பிரேசிலின் தாமஸ் கோக்கிடம் இரண்டுக்கு ஒன்று என்று செட் பின்னடைவு, நான்காவது செட்டில் 2-5. அங்கிருந்து 7-5, அடுத்த செட் 6-2. இந்தியா முதன்முறையாக நடப்புச் சாம்பியனை எதிர்கொள்ளும் இறுதிச் சுற்றுக்குப் போனது. பிள்ளைகள் இதைக் கேட்டுவிட்டு 2-5-இல் நிற்கும்போது அவர்கள் தோள் வேறு மாதிரி இருக்கிறது.

வேறு சில சின்ன விஷயங்களும் உண்டு. தன் பையைத் தானே தூக்குவது, தண்ணீர் பாட்டிலைத் தானே நிரப்புவது, கிரிப்பைத் தானே சுற்றுவது. ரஃபேல் நடாலின் சித்தப்பாவும் பயிற்சியாளருமான டோனி நடால் இதில் மிகக் கண்டிப்பானவர். பையை அம்மா தூக்கிக்கொண்டு வந்தால், முடிவையும் அம்மாவே எடுப்பாள் என்று பிள்ளையின் மனம் எங்கோ எழுதிக்கொள்கிறது என்பது என் நம்பிக்கை.

நான் சொன்னதை மீறி ஆடுகிறான். இது சுய சிந்தனையா, பிடிவாதமா?

காரணம் கேளுங்கள். "அவன் முன்னால் வந்து நின்னான், அதான் லாப் போட்டேன்" என்றால் லாப் வெளியே போயிருந்தாலும் அது சிந்தனை. "எனக்கு அப்படி அடிக்கப் பிடிக்கும்" என்றால் இன்னும் வேலை இருக்கிறது.

1989 பிரெஞ்சு ஓப்பன், நான்காவது சுற்று. மைக்கேல் சாங்குக்கு 17 வயது, எதிரே உலகின் முதல் நிலை ஆட்டக்காரர் இவான் லெண்டில். இரண்டு செட் பின்னால் இருந்து சமன் செய்த சாங்குக்கு ஐந்தாவது செட்டில் காலெல்லாம் தசைப்பிடிப்பு. உட்கார்ந்தால் எழ முடியாது என்பதால் இடைவேளையில் நின்றுகொண்டே இருந்தார். 4-3 என்று இருக்கும்போது, திடீரென்று கைக்குக் கீழிருந்து சர்வ் போட்டார். லெண்டில் குழம்பினார், அந்தப் பாயின்ட் சாங்குக்கு. மேட்ச் பாயின்ட்டில் லெண்டிலின் இரண்டாவது சர்வீஸுக்கு சர்வீஸ் கோட்டுக்கு அருகே போய் நின்றார். லெண்டில் டபுள் ஃபால்ட் போட்டார். சாங் அந்த முறை பட்டத்தையே வென்றார். எந்தப் பயிற்சியாளரும் அன்று காலை அதைச் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்க முடியாது. காலில் தெம்பில்லை, கையில் இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று அந்தப் பையனே அந்த நேரத்தில் யோசித்தான்.

ராக்கெட்டை எறிகிறான். தண்டிக்க வேண்டுமா?

கோபம் வருவதைத் தண்டிக்காதீர்கள். எறிவதற்கு விளைவு இருக்கட்டும், அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எங்கள் கோர்ட்டில் ராக்கெட் எறிந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது, யாராக இருந்தாலும். 2020 அமெரிக்க ஓப்பனில் ஜோகோவிச் எரிச்சலில் பின்னால் தட்டிவிட்ட பந்து கோட்டு நடுவரின் கழுத்தில் பட்டது. அவருக்கு யாரையும் அடிக்கும் எண்ணம் இல்லை. இருந்தும் போட்டியிலிருந்தே வெளியேற்றப்பட்டார்.

எதிராளி உள்ளே விழுந்த பந்தை "அவுட்" என்கிறான். என் மகள் அழுதுவிட்டு அடுத்த மூன்று கேமைக் கோட்டைவிடுகிறாள். என்ன செய்வது?

ஜூனியர் போட்டிகளின் ஆரம்பச் சுற்றுகளில் பெரும்பாலும் நாற்காலி நடுவர் இருக்க மாட்டார். அவரவர் பக்கத்துக்கு அவரவரே கால் (call, பந்து உள்ளேயா வெளியேயா என்ற தீர்ப்பு) சொல்ல வேண்டும். இங்கே அழுகையைவிட விதி தெரிந்திருப்பது கைகொடுக்கும். இவற்றை அவளுக்கு மனப்பாடமாக்குங்கள்.

சந்தேகம் இருந்தால் சாதகம் எதிராளிக்கு. "அவுட்" என்பதை உடனே, சத்தமாகச் சொல்ல வேண்டும். தப்பாக அவுட் சொன்னதைத் தானே உணர்ந்தால் முதல் முறை அந்தப் பாயின்ட்டை மறுபடி ஆடலாம் (அது வெல்லும் ஷாட்டாக இருந்தால் எதிராளிக்கே பாயின்ட்), அதே மேட்ச்சில் மீண்டும் நடந்தால் பாயின்ட் எதிராளிக்கு. சர்வ் போடுபவர் ஒவ்வொரு பாயின்ட்டுக்கு முன்பும் ஸ்கோரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஸ்கோரில் தகராறு வந்தால் இருவரும் ஒத்துக்கொள்ளும் பாயின்ட்டுகள் நிற்கும், ஒத்துக்கொள்ளாதது மட்டும் மறுபடி ஆடப்படும். ஒரு கேமில் முதல் பாயின்ட் 15, இரண்டாவது 30, மூன்றாவது 40 என்று எண்ணுவது வழக்கம். ஒருத்தி 40-30 என்கிறாள், மற்றவள் 30-40 என்கிறாள், சண்டை முதல் பாயின்ட்டைப் பற்றி என்றால், 30-30-லிருந்து தொடரலாம்.

இதற்கு அப்பாலும் தகராறு என்றால் ஒரே வழி: ஆட்டத்தை நிறுத்தி ரெஃபரியைக் கூப்பிடுவது. நம் பெண் பிள்ளைகள் பலர் இதற்குக் கூச்சப்படுகிறார்கள், "சண்டைக்காரி" என்று சொல்லிவிடுவார்களோ என்று. கையைத் தூக்கி "ரெஃபரியைக் கூப்பிடணும்" என்று சொல்வதை நாங்கள் பயிற்சியிலேயே ஒத்திகை பார்க்கிறோம். வேண்டுமென்றே தப்பான கால் கொடுக்கச் சொல்லி ஒருத்தியைப் பழக்கி, மற்றவளைச் சமாளிக்கச் சொல்கிறேன். குரல் நடுங்காமல் வருவதற்கு ஐந்தாறு முறை ஆகிறது. அதன் பிறகு மேட்ச்சில் தப்பான கால் வந்தாலும் அவளுக்குச் செய்ய ஒரு வேலை இருக்கிறது. கண்ணீருக்கு இடம் குறைகிறது.

நம் பிள்ளையே தப்பான கால் சொன்னால்? அதே கண்டிப்போடு கேளுங்கள். இதில் என்னிடம் இரண்டு பேச்சு கிடையாது.

முன்னிலையில் இருந்துவிட்டுத் தோற்கிறான். பயந்தாங்கொள்ளியா?

அந்தச் சொல்லை வீட்டில் பயன்படுத்தாதீர்கள். 1993 விம்பிள்டன் இறுதி, மூன்றாவது செட்டில் 4-1, சர்வீஸில் 40-30 என்று இருந்த யானா நொவோட்னா ஒரு டபுள் ஃபால்ட் போட்டார். அங்கிருந்து ஸ்டெஃபி கிராஃப் 6-4 என்று முடித்தார். பரிசளிப்பில் நொவோட்னா பிரிட்டிஷ் அரச குடும்பத்தைச் சேர்ந்த கெண்ட் சீமாட்டியின் தோளில் சாய்ந்து அழுதார். அவரேதான் 1998-ல் அதே பட்டத்தை வென்றார். 2019 விம்பிள்டன் இறுதியில் ஃபெடரர் ஐந்தாவது செட்டில் 8-7, 40-15 என்று இரண்டு சாம்பியன்ஷிப் பாயின்ட் (ஒன்றை வென்றாலே பட்டம்) வைத்திருந்து ஜோகோவிச்சிடம் தோற்றார். மொத்தப் பாயின்ட்டுகளில் ஃபெடரர் 218, ஜோகோவிச் 204. 2025 பிரெஞ்சு ஓப்பன் இறுதியில் யானிக் சின்னர் மூன்று சாம்பியன்ஷிப் பாயின்ட்டுகளைத் தவறவிட்டு, 5 மணி 29 நிமிடம் ஆடி அல்கராஸிடம் தோற்றார். ஐந்து வாரம் கழித்து விம்பிள்டன் இறுதியில் அதே அல்கராஸை நான்கு செட்டில் வென்றார்.

முன்னிலையில் இருக்கும்போது என்ன நடக்கிறதென்றால், பிள்ளை ஜெயிப்பதற்காக ஆடுவதை நிறுத்திவிட்டுத் தோற்காமல் இருக்க ஆடத் தொடங்குகிறான். பந்தை உள்ளே தள்ளினால் போதும் என்று தோன்றும். நான் சொல்வது: 5-2 வரை உன்னைக் கொண்டுவந்த அதே இரண்டு விஷயத்தைச் சொல், அதையே செய். அதைச் சொல்லத் தெரிந்தவனுக்குக் கை அவ்வளவாக நடுங்குவதில்லை. எப்படி முன்னிலை வந்தது என்றே தெரியாதவன்தான் அதிகம் பயப்படுகிறான், வந்தது போலவே போய்விடும் என்று.

தோற்றுவிட்டு வரும் பிள்ளையிடம் வண்டியில் என்ன பேசுவது?

"பசிக்குதா?" என்று கேளுங்கள். ஆட்டத்தைப் பற்றி அவனாக ஆரம்பித்தால் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் எந்த வயதில் தொடங்கலாம்?

எட்டு வயதுப் பிள்ளையும் "இந்தப் பந்தை எங்கே அடிக்கலாம்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும். நாம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

உளவியல் நிபுணரிடம் எப்போது போக வேண்டும்?

மேட்ச்சுக்கு முன் வயிற்றைப் புரட்டுவது, கை சில்லிடுவது எல்லாருக்கும் உண்டு. ஆனால் பல நாள் தூக்கம் போவது, சாப்பாடு இறங்காதது, பிடித்த விளையாட்டின் பெயரைக் கேட்டாலே ஒதுங்குவது, மேட்ச் இல்லாத நாளிலும் நெஞ்சு படபடப்பது என்றால் அதை மன உறுதிக் குறைவு என்று நினைத்துத் திட்டாதீர்கள். மார்டி ஃபிஷ் உலக அளவில் முதல் பத்துக்குள் இருந்தவர். 2012 அமெரிக்க ஓப்பனில் ஃபெடரருடன் நான்காவது சுற்று ஆட வேண்டிய நாளில் கடுமையான பதற்ற நோயால் விலகினார், பிறகு அதை வெளிப்படையாகப் பேசினார். ஒசாகா 2021-ல் பிரெஞ்சு ஓப்பனிலிருந்து விலகித் தன் மன அழுத்தத்தைப் பற்றி எழுதினார். போலந்து ஆட்டக்காரர் இகா ஸ்வியான்டெக் தன் குழுவிலேயே டாரியா அப்ரமோவிச் என்ற உளவியலாளரைச் சேர்த்துக்கொண்டார். முழங்கால் வலிக்கு டாக்டரிடம் போக நாம் யோசிப்பதில்லை, இதற்கும் யோசிக்க வேண்டாம். பயிற்சியாளரால் ஆகாத இடம் இது. நானே மூன்று பிள்ளைகளை அனுப்பியிருக்கிறேன்.

மேட்ச் நடக்கும்போது நான் எங்கே உட்காரட்டும்?

பிள்ளை சர்வ் போடும்போது நேராகப் பார்வையில் படாத இடத்தில். கோர்ட்டின் நீளவாக்கில், நடுவில், கொஞ்சம் பின்னால். நல்ல பாயின்ட்டுக்குக் கை தட்டுங்கள், எதிராளியினுடையதற்கும் சேர்த்து. இடையில் அவள் திரும்பி உங்களைத் தேடுவாள், ஆரம்பத்தில் அடிக்கடி. அப்போது முகத்தில் எதையும் எழுதாமல் சும்மா இருங்கள். சில மாதங்களில் அவள் தேடுவதை நிறுத்திவிட்டு ராக்கெட் நரம்பைப் பார்க்கத் தொடங்குவாள். உங்களுக்கு அது முதல் நாள் கொஞ்சம் வலிக்கும்.